தீப்பெட்டி ஊரின் பெரிய மனிதர்கள்

தண்டவாளமே இல்லாத தீவில் ஓய்வுபெற்ற ரயில்வே இன்ஜினீயருக்கு என்ன வேலை என்று பாராடாங்கில் நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. மகனுக்கு இங்கே உத்தியோகம், பேத்திக்கு இங்கே படிப்பு. அவர்களுக்குத் துணையாக நானும் வந்து சேர்ந்தேன். காலையில் நிலம்பூர் ஜெட்டி வரை நடந்துபோய், எதிர்க்கரையிலிருந்து பஸ்ஸையும் லாரியையும் சுமந்துகொண்டு வரும் படகைப் பார்த்துவிட்டு வருவேன். முப்பத்தைந்து வருடங்கள் ரயில் வரும் நேரத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு ஆறுதல்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து நின்றாள். "பூர்வீக ஊரின் புகழ்பெற்ற மனிதர்கள்" என்று பள்ளியில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். கூடப் படிக்கும் ராஞ்சிக் குடும்பத்துப் பெண் பிர்சா முண்டாவைப் பற்றியும், வங்காளிப் பையன் தாகூரைப் பற்றியும் எழுதி முடித்துவிட்டார்கள்.

"தாத்தா, நம்ம ஊர்ல யாராவது ஃபேமஸா இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டாள். அந்த "இல்லையா"வில் ஒரு சந்தேகம் இருந்தது. எனக்குச் சற்று ரோஷம் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சமையலறைக்குப் போய் ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். "பின்னாலே என்ன ஊர் போட்டிருக்கிறது, படி" என்றேன். தமிழ் படிக்கத் திணறுகிறவள், ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தாள்: கோவில்பட்டி.

நம் சங்கத்து மலர் வாசகர்களில் நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்தவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு இவ்வூரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகவும், இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகவும், அன்று பேத்திக்குச் சொன்னதையும், சொல்லத் தயங்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தீக்குச்சி பிறந்த ஊர்

கோவில்பட்டிக்குப் போகுமுன் வாசகர்களை இங்கிலாந்துக்கு ஒரு நடை அழைத்துப் போக வேண்டும். வட இங்கிலாந்தில் டீஸ் நதிக்கரையில் ஸ்டாக்டன் என்று ஒரு தொழில் நகரம். ரயில்வேக்காரர்களுக்கு இது புண்ணியத்தலம் மாதிரி. 1825 செப்டம்பர் 27 அன்று ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில்பாதை திறக்கப்பட்டது. நீராவி எஞ்சின் இழுத்த வண்டியில் பொதுமக்கள் ஏறிச் சென்ற நாள் அது. எஞ்சினை ஓட்டியவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். இதைத் தொழில் பழகும் காலத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

சொல்லிக் கொடுக்காத சங்கதி ஒன்று உண்டு. அதே ஸ்டாக்டனில், ரயில் ஓடி இரண்டு வருடம் ஆகுமுன், ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் குச்சி ஒன்றைச் செய்து விற்றார். 1827 ஏப்ரல் 7 அன்று விற்றதாக அவருடைய கடைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. குச்சியின் நுனியில் ரசாயனக் கலவை; உரச மணல் காகிதம். அவ்வளவுதான். அதற்கு முன் சிக்கிமுக்கிக் கல்லோடும், அணையாமல் காக்க வேண்டிய அடுப்போடும் மல்லாடிய உலகத்துக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்! ஆனால் அந்த மனிதர் இதற்குக் காப்புரிமை கூட வாங்கவில்லை. லண்டனில் வேறொருவர் அதே குச்சியை வேறு பெயரில் விற்றுப் பணம் பண்ணினார். வாக்கர் 1859-ல் காலமானார்.

வேடிக்கை என்னவென்றால், ஊர்க்காரர்கள் பிற்காலத்தில் அவருக்கு ஒரு மார்பளவு சிலை வைத்தார்கள். அது அதே பெயருடைய வேறொரு ஜான் வாக்கரின் முகம் என்று பிறகுதான் தெரிந்தது! உலகத்துக்கே நெருப்புக் கொடுத்தவரின் முகம் சொந்த ஊருக்கே சரியாகத் தெரியவில்லை. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் இதற்கு வேலை இருக்கிறது.

கரிசலும் தீக்குச்சியும்

ஸ்டாக்டனில் பிறந்த ரயிலும் தீக்குச்சியும் ஏழு கடல் தாண்டி வந்து ஒன்றாகக் குடியேறிய ஊர் கோவில்பட்டி. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் வந்தது. கரிசல் நிலத்துப் பருத்தி அந்த வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறியது. பிறகு நூற்பாலைகள் உள்ளூரிலேயே வந்தன.

கரிசல் மண்ணைப் பற்றி எங்களைப் போன்ற தண்டவாளக்காரர்களைக் கேட்க வேண்டும். மழை பெய்தால் உப்பும். வெயில் அடித்தால் கை நுழையுமளவு வெடிக்கும். மேலே போட்ட ஜல்லியை விழுங்கிவிடும். நேற்று மட்டம் பார்த்து நிமிர்த்திய பாதை இன்று ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். அந்த மண்ணில் மழையை நம்பி மானாவாரி விவசாயம் செய்தவர்களின் வாழ்க்கையும் அப்படித்தான். ஒரு வருடம் விளைந்தால் இரண்டு வருடம் பொய்க்கும்.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று அது பரவியது. மழை குறைந்த, காய்ந்த காற்று, மருந்து முக்கிய குச்சி உலர்வதற்குத் தோதானது. விவசாயம் பொய்த்த குடும்பங்களில் வேலைக்குக் கைகளும் இருந்தன. அவற்றில் பல சின்னஞ்சிறு கைகள்.

நம் அந்தமானுக்கும் இதில் பங்குண்டு. இந்தக் காடுகளில் வளரும் பப்பிதா, தூப் போன்ற மென்மரங்களை வனத்துறைக் கணக்கில் "தீக்குச்சி மரம்" என்ற வகையிலேயே சேர்த்திருந்தார்கள். 1918 முதல் ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூட்டி வரப்பட்ட தொழிலாளர்கள் இந்தக் காடுகளில் மரம் வெட்டினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

இடைசெவல் இருவர்

இனி பேத்தி கேட்ட பெயர்களுக்கு வருவோம். கோவில்பட்டி தந்த பெரிய மனிதர்கள் என்றால் முதலாளிகளின் பெயர்தான் வரும் என்று பலர் நினைப்பார்கள். எழுத்தாளர்களின் பெயர்தான் வரிசையாக வருகிறது. இந்த ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்தவர்களில் நால்வர் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஊருக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சிற்றூர். 1923 செப்டம்பர் 16-ல் அங்கே கி.ராஜநாராயணன் பிறந்தார். ஒரே வாரம் கழித்து, செப்டம்பர் 23-ல், அதே ஊரில் கு.அழகிரிசாமி பிறந்தார். இருவரும் உயிர்த் தோழர்கள்.

அழகிரிசாமி நம்மைப் போல் கடல் கடந்தவர். 1950களில் கோலாலம்பூர் சென்று "தமிழ் நேசன்" பத்திரிகையில் பணியாற்றினார். அவருடைய சிறுகதைகளில் ஏழை வீட்டுக் குழந்தைகள் வருவார்கள். அவர்களைப் படித்துவிட்டுக் கண் கலங்காதவர் இருக்க முடியாது. தோழனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. போன் இல்லாத காலத்தில் ஊரை விட்டுப் போனவர்களுக்குக் கடிதம்தானே ஊர்! 1970-ல் நாற்பத்தாறு வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். "அன்பளிப்பு" தொகுதிக்காக அவ்வருடத்து அகாதெமி பரிசு அவர் மறைவுக்குப் பின்தான் கிடைத்தது.

கி.ரா. நீண்ட ஆயுள் பெற்றவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை, விவசாயி, விவசாயிகள் போராட்டத்தில் சிறை சென்றவர், முப்பது வயதுக்கு மேல்தான் எழுதத் தொடங்கினார். கரிசல் ஜனங்கள் பேசுகிற பேச்சையே எழுத்தாக்கினார். அந்தச் சொற்களையெல்லாம் திரட்டி ஒரு வட்டார வழக்கு அகராதியும் தொகுத்தார். பட்டம் பெறாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்கு 1991-ல் அகாதெமி பரிசு. 2021 மே 17-ல் தொண்ணூற்றேழு வயதில் புதுச்சேரியில் மறைந்தபோது தமிழக அரசு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தது. கோவில்பட்டியில் அவருக்கு நினைவு மண்டபமும் எழுப்பியிருக்கிறது. முகம் மாறிப் போகாமல் வைத்தார்களே, அது நிம்மதி!

ஆண்டிப்பட்டியும் உருளைகுடியும்

"அசுரன் படம் பார்த்தாயே, அந்தக் கதை யாருடையது தெரியுமா?" என்று பேத்தியிடம் கேட்டேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 2019-ல் வந்த அந்தப் படத்துக்கு மூலம் "வெக்கை" என்ற நாவல். எழுதியவர் பூமணி, கோவில்பட்டிக்கு அருகே ஆண்டிப்பட்டியில் 1947-ல் பிறந்தவர், கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். கரிசல் பூமியின் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான வாழ்க்கையை ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய "அஞ்ஞாடி" நாவலுக்கு 2014-ல் அகாதெமி பரிசு பெற்றார்.

அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உதவியுடன் 1990களில் "கருவேலம் பூக்கள்" என்ற படத்தை எடுத்தார். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிய படம் அது. (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை "ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள்.)

நான்காமவர் சோ.தர்மன். உருளைகுடியில் பிறந்து, கோவில்பட்டி நூற்பாலையில் பல வருடம் தொழிலாளியாக உழைத்தவர். ஒரு கண்மாயையும் அதை நம்பி வாழும் ஊரையும் பற்றிய "சூல்" நாவலுக்கு 2019-ல் அகாதெமி பரிசு. மில் சங்குக்கு எழுந்து ஓடியவர் கையால் அப்படி ஒரு நூல் வந்திருக்கிறது.

இவர்களைத் தவிர, தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ச.தமிழ்ச்செல்வன், அவருடைய "வெயிலோடு போய்" கதைதான் 2008-ல் "பூ" திரைப்படமானது. நகைக்கடை நடத்திக்கொண்டே கவிதை எழுதும் தேவதச்சன். பக்கத்து எட்டயபுரத்துப் பாரதியைச் சொல்லாமல் விட முடியுமா? அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை நடத்த முயன்று பெரும் நஷ்டப்பட்டவர். கரிசல் பூமியில் தொழில் தொடங்கித் தோற்ற முன்னோடிகளில் ஒருவர் மகாகவியின் அப்பா என்பது குறிப்பிடத்தக்கது.

"எழுதறவங்க மட்டும்தானா? விளையாடறவங்க இல்லையா?" என்றாள் பேத்தி. இல்லாமலா! கிரிக்கெட் கோலோச்சும் நாட்டில் கோவில்பட்டிப் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு திரிவார்கள். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருவர் தமிழர். ஒருவர் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன். மற்றவர் அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்ற கார்த்தி. கடைசியாக, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கடலைமிட்டாயையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். "அது மனுஷன் இல்லையே தாத்தா" என்று சிரித்தாள்.

விட்டுப்போன ஒரு பெயர்

ஒரு பக்கம் கேட்ட இடத்தில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. பெருமையோடு எழுந்தேன். அப்போது அவள் தீப்பெட்டியை உருட்டிக்கொண்டே கேட்டாள்: "இதைச் செய்தது யாரு தாத்தா? அவங்க பேரும் தெரியுமா?"

தெரியும். ஆனால் வாய் வரவில்லை.

என் அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். கிழக்கு வெளுக்குமுன் தூக்குவாளியில் கஞ்சியோடு கிளம்புவாள். கட்டை அடுக்குவது அவள் வேலை. சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக வரிசை பிசகாமல் நிறுத்த வேண்டும். பிறகுதான் அது மருந்தில் முங்கும். இத்தனை கட்டைக்கு இவ்வளவு கூலி என்று கணக்கு. விரல் நிற்காது. பிறகு பெட்டி அடைக்கப் போட்டார்கள். ஒருநாள் குச்சி உரசிப் பற்றியதில் இடது மணிக்கட்டில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அவளுக்கு அப்போது வயது பதிமூன்று.

சனிக்கிழமைக் கூலியை அம்மா கையில் கொடுப்பாள். அதிலிருந்துதான் நான் பாலிடெக்னிக்குக்குச் சம்பளம் கட்டினேன். டிப்ளமோ வாங்கி, ரயில்வேயில் சேர்ந்து, குவார்ட்டர்ஸ், பென்ஷன் என்று ஆனேன். மழைக்காலத்தில் இரவு ரோந்து போகும் கேங்மேன் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. கைவிளக்கு, வெடி சிக்னல் என்று வரும் அந்தப் பட்டியலில் தீப்பெட்டி ஒன்றும் இருக்கும். ரோந்துக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது என் உத்தியோகம். ஒவ்வொரு தடவையும் அக்காவின் நினைப்பு வரும். ஆனால் சக அதிகாரிகளிடமோ, சம்பந்தி வீட்டிலோ, அக்கா என்ன வேலை பார்த்தாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வீட்டோடு இருந்தாள்" என்றே சொல்லி வந்தேன். பேத்திக்கும் அதுதான் தெரியும்.

அன்று இரவு அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "ஏய்யா, அதையெல்லாம் எதுக்குப் பிள்ளைகிட்ட சொல்லிக்கிட்டு?" என்றாள். சற்று நேரம் கழித்து, "சொல்றதுன்னா, ஒரு நாளும் என் கட்டையைத் திருப்பி அனுப்பினதில்லைன்னும் சேத்துச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். 1986-ல் சட்டம் வந்து தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று தடுத்ததையும், சிவகாசிக் குழந்தைகளுக்காக நடந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, முதலாளிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னதையும் சொன்னேன். அதற்கும் நூறு வருடம் முன்னால், 1888-ல், லண்டனில் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றதையும், அவர்களுக்காகப் பேனா எடுத்த அன்னி பெசன்ட் அம்மையார்தான் பிறகு சென்னை அடையாற்றில் வந்து வாழ்ந்தவர் என்பதையும் சொன்னேன்.

பேத்தி எதுவும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து நோட்டைத் திறந்தாள். "அத்தைப் பாட்டி பேரைத் தமிழ்ல எப்படி எழுதணும்?" என்று மட்டும் கேட்டாள். எழுதிக் காட்டினேன். பார்த்து எழுதினாள். கி.ரா.வும் பூமணியும் இருக்கும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த எழுத்தாளர்கள் பெரிய மனிதர்களானது எதனால்? என் அக்காவைப் போன்றவர்களைப் பார்த்தார்கள், பார்த்ததைச் சொன்னார்கள். நான் வீட்டிலேயே வைத்துக்கொண்டு மறைத்தேன். வேறொருவர் முகத்தைச் சிலையாக வைத்த ஸ்டாக்டன்காரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

அன்பு வாசகர்களே, இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒருவர் இருப்பார். கப்பல் டிக்கெட்டுக்குத் தோட்டை விற்ற அம்மா இருப்பார். தம்பிக்காகப் படிப்பை விட்ட அண்ணன் இருப்பார். நம் பிள்ளைகள் இந்தியில் பேசி, ஆங்கிலத்தில் எழுதி முன்னேறட்டும், சந்தோஷம். ஆனால் அந்த ஒருவரின் பெயரையாவது தமிழில் எழுதத் தெரிந்திருக்கட்டும். நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? சொல்ல வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். என் அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது.

பதினான்கு வருடம் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. லைட்டர் வந்து அதையும் ஓரங்கட்டப் பார்க்கிறது. இன்று மாலை விளக்கேற்றும்போது பெட்டியைத் திருப்பி ஊர்ப் பெயரைப் பாருங்கள். கோவில்பட்டி என்றிருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.